தலைமை நெருக்கடி என்னும் சான்று: பார்ம்.டி.யோடு தலைமைத்துவப் பட்டம் சேர்க்கும் வாதம் பற்றி ஒரு மறுவாசிப்பு

அமெரிக்காவில் மருந்தாளுநருக்கான பட்டமாகிய பார்ம்.டி. படிக்கும்போதே எம்.பி.ஏ.வையோ தலைமைத்துவத்தில் ஒரு முதுநிலைப் பட்டத்தையோ சேர்த்து முடிக்கும் ஏற்பாட்டை ஆதரித்து எழுதுவோரின் வாதம், எங்கே தொடங்கினாலும், பெரும்பாலும் ஓர் அறிக்கையில் வந்து நிற்கிறது. அமெரிக்க மருத்துவமனை மருந்தாளுநர்களின் சங்க இதழில் 2005இல் சாரா வைட் வெளியிட்ட அறிக்கை அது. மருந்தாளுநர் துறையில் தலைமை நெருக்கடி வரப்போகிறதா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. நெருக்கடி வருகிறது என்று அறிக்கை நிறுவிவிட்டது, அதைத் தீர்க்க முறையான தலைமைத்துவக் கல்வி தேவை, ஆகவே இரட்டைப் பட்டம் என்று வாதம் மூன்று எட்டில் முடிந்துவிடுகிறது. முதல் எட்டு ஓரளவே சரி. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அந்த அறிக்கையில் ஆதாரம் இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அறிக்கையின் எண்களைப் பொறுமையாகப் படித்தால் அவை இரட்டைப் பட்டத்துக்கு எதிராகவே பேசுகின்றன என்றும் நினைக்கிறேன். ஆனால் இந்தக் கடைசிக் கூற்றை முந்தையதைப்போல அழுத்திச் சொல்ல முடியாது.

வைட் வெளியிலிருந்து எழுதியவர் அல்லர். ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையின் மருந்துத் துறையை நடத்தியவர். துறை இயக்குநர்கள், இடைநிலை மேலாளர்கள், நேரடிப் பணியில் உள்ள மருந்தாளுநர்கள், மாணவர்கள் எனப் பல தரப்பினரிடம் தனித்தனியே கேட்டுத் தொகுத்தார். அடுத்த பத்தாண்டில் இதே பதவியில் இருக்கப்போவதில்லை என்று கருதிய இயக்குநர்கள் 80 விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள். இடைநிலை மேலாளர்களின் விழுக்காடு அதைவிடச் சற்றே குறைவு. பணியில் இருக்கும் மருந்தாளுநர்களில் தலைமைப் பதவியை நாடுவோம் என்றவர்கள் சுமார் 30 விழுக்காடு. மாணவர்களிடமோ அந்த நாட்டம் 60 விழுக்காட்டுக்கும் மேல். இந்த நான்கு எண்களும் இத்துறையில் எழுதும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் நான்கும் ஒரே கேள்விக்கு வந்த விடைகள் அல்ல என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதல் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஐந்தில் நான்கு இயக்குநர்கள் பத்தாண்டில் இதே நாற்காலியில் இருக்கமாட்டார்கள் என்பது கேட்பதற்கு அச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தொழிலில், எந்த நடுவயது அலுவலரிடம் இதைக் கேட்டால் இதைவிடப் பெரிதும் குறைந்த எண் வரும்? ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு தொழிலின் கணக்கு பக்கத்தில் இல்லாதபோது 80 என்பது உயரமா தாழ்வா என்றே சொல்ல இயலாது. கேட்கப்பட்டது இப்போதைய பதவியைப் பற்றி. தலைமையைவிட்டு விலகுவதைப் பற்றி அல்ல. ஓய்வு பெறுபவரும், இன்னொரு மருத்துவமனைக்கு இதே வேலையில் மாறிச் செல்பவரும், துணைத் தலைவராக உயர்பவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். அதே ஆண்டுகளில்தான் பெரிய மருத்துவமனைக் குழுமங்களில் துறை இயக்குநருக்கும் மேலே தலைமை மருந்தாளுமை அதிகாரி என்றொரு பதவி வேண்டும் என்ற வாதம் வலுப்பெற்றது. அந்தப் பதவிக்கு ஏறியவர் அறிக்கையின் கணக்கில் வெளியேறியவராகிறார். துறைக்கு நேர்ந்த ஆதாயம் நெருக்கடிப் பக்கத்தில் பதிவாகிறது. வைட் இதை மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டது கேள்வியாகவே இருந்தது. அதன் முடிவில் இருந்த வினாக்குறியைப் பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

இதைவிட முக்கியமானது மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி. இங்கேதான் முந்தைய ஆய்வு மரபோடு எனக்குத் தீராத முரண்பாடு. அந்த மரபு இந்த இடைவெளியை நற்செய்தியாக வாசிக்கிறது. பழைய தலைமுறைக்கு விருப்பமில்லை, புதிய தலைமுறைக்கு இருக்கிறது, விருப்பமுள்ளவர்களைப் பிடித்துக் கல்லூரியிலேயே நிர்வாகமும் நிதியும் கற்பித்து அனுப்பினால் பத்தாண்டில் பள்ளம் நிரம்பிவிடும் என்பது அதன் தர்க்கம். இரட்டைப் பட்டத்தின் நியாயம் முழுவதும் இந்த ஒரு வாசிப்பின்மீது எழுப்பப்பட்டது.

ஆனால் அறிக்கை ஒரே காலத்தில் இரு வேறு கூட்டத்தாரிடம் கேட்டது. ஒரே மாணவர்களைப் பின்தொடர்ந்து போய், ஐந்தாண்டு கழித்து மீண்டும் கேட்கவில்லை. இப்படி எடுத்த கணக்கில் தெரியும் இடைவெளிக்கு இரண்டு விளக்கங்கள் சமமாகப் பொருந்தும். இன்றைய மாணவர் முந்தைய மாணவரிலிருந்து வேறுபட்டவர் என்பது ஒன்று. எல்லா மாணவரும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தார்கள், வேலையில் கழிந்த ஆண்டுகள் அந்த விருப்பத்தைத் தேய்த்துவிட்டன என்பது மற்றொன்று. நாற்றங்காலையும் அறுவடை வயலையும் ஒரே நாளில் பார்த்தவர், இவ்வாண்டு நாற்று நல்ல நாற்று என்று முடிவு கட்டலாமா? கட்டலாம், இடையில் என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால்.

இரண்டாவது விளக்கமே உண்மைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். அதற்குக் காரணங்கள் உண்டு. பார்ம்.டி. முழுவதுமே மாணவரை நோயாளியை நோக்கித் திருப்புகிறது. ஹெப்ளரும் ஸ்டிராண்டும் 1990இல் மருந்துப் பராமரிப்பு என்ற கருத்தை முன்வைத்தபோது, மருந்தைக் கையளிப்பதோடு மருந்தாளுநரின் பொறுப்பு தீர்வதில்லை, சிகிச்சையின் விளைவுக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். அடுத்த பத்தாண்டில் பார்ம்.டி.யே தொழிலுக்கான ஒற்றை நுழைவுப் பட்டமாக ஆக்கப்பட்டதற்கு அந்தச் சிந்தனைதான் பெரிய உந்துதல். அப்படிப் பயின்ற ஒருவர் வார்டில் மருத்துவரோடு சுற்றுக்குப் போய், சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு வான்கோமைசின் அளவைக் கணித்துத் திருத்துகிறார். அவரிடம் வந்து, இனி நீ ஆள் பற்றாக்குறைப் பட்டியலும் வரவுசெலவும் பார் என்றால் அவருக்கு அது உயர்வாகத் தெரியாது. தான் கற்ற தொழிலிலிருந்து தன்னை விலக்குவதாகவே தெரியும். போதாததற்கு 2000ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டில் மருந்தாளுநர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. நாடாளுமன்றத்துக்கு அரசே அதுபற்றித் தனி அறிக்கை கொடுத்தது. பற்றாக்குறைக் காலத்தில் சாதாரணப் பணியிடத்துக்கே நல்ல சம்பளம் கிடைக்கும். மேலாளர் நாற்காலிக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரவுத் தொலைபேசி அழைப்புகள்தான். விருப்பம் 30 விழுக்காட்டுக்குச் சரிந்ததில் வியப்பு என்ன இருக்கிறது?

இந்த விளக்கம் சரியென்றால் இரட்டைப் பட்டம் நோயில்லாத இடத்தில் மருந்து தடவுகிறது. விருப்பம் உச்சத்தில் உள்ள இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் பயிற்சி கொடுத்துவிட்டு, அந்த விருப்பம் வற்றுகிற ஆண்டுகளில் எதுவும் செய்யாமல் கைகட்டி நிற்கிறது. பட்டம் திறனைத் தரலாம். அறிக்கை குறையென்று காட்டியது திறனை அல்ல, நாட்டத்தை. விரும்புவீர்களா என்றுதான் மருந்தாளுநரிடம் கேட்கப்பட்டது. இரட்டைப் பட்ட வாதமோ, முடியுமா என்று கேட்டதற்கு வந்த விடையாக அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறது.

இதற்கு மறுப்பாக 2013இல் வெளியான தொடராய்வு காட்டப்படும். ஏழாண்டு இடைவெளியில் வைட் மற்றோர் ஆய்வாளரோடு சேர்ந்து அதே கேள்வியை மீண்டும் எழுப்பினார். பயனுள்ள முயற்சிதான். ஆனால் அதுவும் புதிதாக எடுத்த குறுக்குவெட்டு. முதல் ஆய்வில் ஆர்வம் தெரிவித்த அதே மாணவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று அது காட்டவில்லை, காட்டுவதாகச் சொல்லவும் இல்லை. இரண்டு நிழற்படங்களை அடுத்தடுத்து வைத்தால் ஒருவர் வளர்ந்த கதை கிடைத்துவிடாது. நெருக்கடி இன்னும் உண்டா என்று 2013இலும் வினாவாகவே கேட்க நேர்ந்தது என்பதை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன்.

முந்தைய மரபு தன் வாதத்துக்கு வரலாற்று ஆழம் தேடும்போது மருத்துவமனை மருந்தாளுமையின் பழைய முதுநிலைப் பட்டங்களைத் துணைக்கு அழைக்கிறது. இது எனக்குச் சற்று நேர்மைக் குறைவாகவே படுகிறது. ஹார்வி விட்னி 1927இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் மருந்தாளுநர்களுக்கான உள்ளகப் பயிற்சியைத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்த மரபில்தான் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளிஃப்டன் லட்டியோலே நடத்திய முதுநிலைப் படிப்பும் அதோடு பின்னிய ரெசிடென்சி பயிற்சியும் வந்தன. கான்சஸிலும் இதே வகை ஏற்பாடு இருந்தது. இந்தப் படிப்புகளிலிருந்து நாட்டின் மருத்துவமனை மருந்துத் துறைகளை நடத்தியவர்கள் பலர் வந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆகவே பட்டம் சேர்ந்தால் தலைவர் உருவாவார் என்கிறார்கள்.

அந்தப் படிப்பு எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். மாணவர் முதலில் மருந்தாளுநராகத் தகுதி பெற்று வருகிறார். பிறகு இரண்டாண்டு மருத்துவமனையில் இருக்கிறார். பகலில் துறை இயக்குநரின் நிழலாக நடந்து, மருந்துத் தேர்வுக் குழுவின் கூட்டத்துக்குக் குறிப்பு தயாரித்து, இரவுப் பணியில் ஆள் வராத நாளில் தானே நின்று மருந்து நிரப்பி, அதன் நடுவே முதுநிலைக்கான பாடங்களையும் ஆய்வேட்டையும் முடிக்கிறார். பட்டம் அங்கே பணியின் உள்ளே இருந்தது. இன்றைய இரட்டைப் பட்டத்தில் மாணவர் நான்காண்டு பார்ம்.டி.யைப் பல இடங்களில் ஐந்தாண்டாக நீட்டி, ஒரு பகுதியை வணிகப் பள்ளியின் வகுப்பறையில் கழிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் வங்கியிலோ மென்பொருளிலோ வேலை பார்த்தவர். அவருக்காவது சொல்ல ஓர் அலுவலக அனுபவம் இருக்கும். நம் மாணவருக்கு அதுவும் கிடையாது. முதலாவது ஏற்பாட்டின் வெற்றியை இரண்டாவதற்குச் சான்றாகக் காட்டுவது, இரண்டிலும் முதுநிலை என்ற பெயர் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பிய வாதம். பணியிலிருப்போருக்காகப் பகுதிநேரமாகவோ இணையவழியாகவோ நடக்கும் தலைமைத்துவ முதுநிலைப் படிப்புகள் வேறு வகை. அவை விட்னி, லட்டியோலே மரபுக்கு ஓரளவு அருகில் நிற்கின்றன. அவற்றை நான் எதிர்க்கவில்லை.

மருத்துவமனைக்கு மட்டுமா தலைவர்கள் வேண்டும், மருந்து நிறுவனங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் அந்தத் தேவைக்காக வாதாடுபவர் மருத்துவமனை நெருக்கடி அறிக்கையைச் சான்றாகக் காட்டக் கூடாது. இரட்டைப் பட்டம் பெற்றவர்கள் தங்கள் படிப்பில் மனநிறைவு கொண்டிருக்கிறார்கள், நல்ல பதவிகளில் இருக்கிறார்கள் என்பது அடிக்கடி வரும் இன்னொரு வாதம். கூடுதலாக ஓராண்டும் கூடுதல் கட்டணமும் செலவிட முன்வந்தவர் அந்தப் பட்டம் இல்லாமலும் உயர்ந்திருப்பார் என்ற எளிய ஐயத்துக்கே அந்த வாதம் இன்னும் விடை சொல்லவில்லை. இதில் மேலும் நேரம் செலவிடத் தேவையில்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. துறை இயக்குநரின் பணி இப்போது உண்மையாகவே நிதிச் சிக்கல் நிறைந்தது. 1992இன் சட்டம் கொண்டுவந்த 340பி திட்டத்தின் தள்ளுபடி விலைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எந்த நோயாளிக்கு, எந்தக் கிளையில், எந்த மருந்து அந்த விலையில் வாங்கப்பட்டது என்பதைத் தணிக்கைக்கு நிற்கும்படி காட்ட வேண்டும். ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துச் செலவைக் கையாள்பவருக்கு இருப்புநிலைக் குறிப்பு வாசிக்கத் தெரியாமல் முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறிவை முப்பத்தைந்து வயதில், அந்தக் கணக்கு மேசைமேல் கிடக்கும்போது கற்பதற்கும், இருபத்துமூன்று வயதில் கற்பனை நிறுவனமொன்றின் வழக்குப் பாடமாகக் கற்பதற்கும் இடையே தூரம் அதிகம். நிதியறிவு இருந்தால் தலைமை வந்துவிடும் என்பதும் சோதிக்கப்பட வேண்டிய கூற்றே.

2012இன் நிகழ்வு இதற்கு ஓர் உரைகல். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாமிலிருந்த ஒரு கலவை மருந்து நிறுவனம் தயாரித்தனுப்பிய ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்திருந்தது. பல மாநிலங்களில் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே அதற்கென்று சட்டம் வந்தது. நிறுவனத்தின் குற்றம் நீதிமன்றம் வரை போன தனிக் கதை. இங்கே எனக்கு வேண்டியது வாங்கும் பக்கம். கலவை மருந்தை வெளியிலிருந்து வாங்குவதா, உள்ளேயே கிருமிநீக்கிய அறையில் தயாரிப்பதா, வாங்குவதானால் விற்பவரின் ஆய்வறிக்கையைக் கேட்பதா, விலையை மட்டும் பார்ப்பதா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மேசையில் மலிவான ஒப்பந்தத்தை வேண்டாமென்று சொல்லி, அந்த மறுப்பை நிர்வாகத்தின் முன் நின்று நியாயப்படுத்துவதற்குப் பெயர்தான் மருந்தாளுமையில் தலைமை. அதற்குக் கிருமிநீக்கத்தின் நுணுக்கம் தெரிய வேண்டும், அச்சமின்மை வேண்டும், மேலிடத்தில் தன் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். இவற்றில் எதை வணிகப் பள்ளியின் இரண்டு பருவங்கள் தரும் என்பதை இரட்டைப் பட்ட ஆதரவாளர்கள்தாம் காட்ட வேண்டும்.

அமெரிக்க மருந்தாளுமைக் கல்வி அங்கீகார அமைப்பின் 2016 தரவிதிகள் இந்தச் சிக்கலை மேலும் இறுக்கின. அவற்றின்படி தலைமைத்துவம் ஒவ்வொரு பார்ம்.டி. பட்டதாரியிடமும் இருக்க வேண்டிய திறன். பதவி இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல. பார்ம்.டி.க்கான 2013இன் கல்வி விளைவுகள் பட்டியலிலிருந்தே அது வந்தது. அப்படியானால் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். பார்ம்.டி.யே தலைமைத்துவத்தைத் தருகிறது என்றால் இரண்டாவது பட்டம் அதற்கு மேல் என்ன தருகிறது என்று காட்ட வேண்டும். தரவில்லை என்றால் அங்கீகாரம் எதற்கு வழங்கப்படுகிறது என்று கேட்க வேண்டிவரும். ஆதரவாளர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அப்படியென்றால் இரட்டைப் பட்டம் ஏன் இவ்வளவு விரைவாகப் பரவியது? காலப் பொருத்தத்தைக் காரணமாகக் கொள்வது ஆபத்து என்பதை அறிவேன். ஆயினும் 2000ஐ ஒட்டி அந்நாட்டில் சுமார் 80ஆக இருந்த மருந்தாளுநர் கல்லூரிகள் 2020க்குள் 140ஐத் தாண்டின. அந்தக் காலப்பகுதியின் பிற்பாதியில் விண்ணப்பங்கள் சரியத் தொடங்கின. இடங்கள் கூடி மாணவர் குறையும்போது ஒரு கல்லூரி அடுத்த கல்லூரியிலிருந்து தன்னை எப்படி வேறுபடுத்திக் காட்டும்? மருத்துவமனையோடு இணைந்த ரெசிடென்சி நடத்தப் பணமும் ஆளும் இடமும் வேண்டும். பக்கத்துக் கட்டடத்திலுள்ள வணிகப் பள்ளியோடு ஒப்பந்தம் போடுவதற்கு அவ்வளவு வேண்டாம். இரட்டைப் பட்டத்தின் பரவலை மருத்துவமனைகளின் தேவை விளக்குவதைவிடக் கல்லூரிகளின் தேவை நன்றாக விளக்குகிறது என்பதை ஒரு கருதுகோளாகவே வைக்கிறேன். ஆனால் 2005 அறிக்கையைக் காரணம் காட்டும் விளக்கத்தைவிட இதற்கு ஆதாரம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவருக்கு ஒரு குறிப்பு. இந்திய மருந்தாளுமைக் கழகம் 2008இல் விதி வகுத்துக் கொண்டுவந்த ஆறாண்டு பார்ம்.டி. நம் கல்லூரிகளிலும் நடக்கிறது. அதோடு நிர்வாகப் பட்டத்தைச் சேர்க்கும் பேச்சும் காதில் விழுகிறது. அமெரிக்க வாதத்தை அப்படியே இறக்குமதி செய்வதற்குமுன், நிரப்புவதற்கு அந்த நாற்காலி இங்கே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நம் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர் பணிக்கு டி.பார்ம். தகுதியே போதுமானது. மாநிலம் முழுமைக்கும் மருந்து கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுவிலிருந்து நாடு போற்றும்படி இயங்குகிறது. அதன் நிர்வாக இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அங்கே கேள்வி பட்டத்தைப் பற்றியதே அல்ல.

மீண்டும் மூலத்துக்கு வருகிறேன். வைட்டின் எண்களைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்று நான் சொல்வதால், தீர்க்கவே முடியாது என்று பொருளல்ல. ஒரே ஆண்டில் பார்ம்.டி. முடித்தவர்களை மூன்று அணியாகப் பிரித்துப் பார்க்கலாம். இரட்டைப் பட்டத்தோடு வந்தவர்கள், நிர்வாக ரெசிடென்சிக்குப் போனவர்கள், இரண்டும் இல்லாமல் வேலையில் சேர்ந்தவர்கள். படிப்பு முடியும்போதே ஒவ்வொருவரின் விருப்பத்தையும் பதிந்துகொண்டு, மூன்றாம் ஆண்டிலும் ஏழாம் ஆண்டிலும் பன்னிரண்டாம் ஆண்டிலும் அதே ஆளிடம் மீண்டும் கேட்க வேண்டும். யார் என்ன பதவியில் இருக்கிறார் என்பதோடு, யார் ஒரு பதவியை ஏற்றுவிட்டு விலகினார், ஏன் விலகினார் என்பதையும் குறிக்க வேண்டும். மருந்தாளுநர் சங்கத்திடம் உறுப்பினர் பதிவேடு இருக்கிறது, கல்லூரிகளிடம் பழைய மாணவர் பட்டியல் இருக்கிறது, ஆகவே இது செய்ய முடியாத வேலையல்ல. மூன்று அணியின் விருப்பமும் ஒரே வேகத்தில் வற்றுகிறது என்று தெரிந்தால் இரட்டைப் பட்டத்துக்கான வாதம் அங்கேயே விழுந்துவிடும். ரெசிடென்சி அணியில் மட்டும் வற்றவில்லை என்று தெரிந்தால் கல்லூரிகள் வணிகப் பள்ளியின் கதவைத் தட்டுவதைவிட்டு மருத்துவமனையின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். நான் எதிர்பார்ப்பது இரண்டாவது முடிவை. இரட்டைப் பட்ட அணி முன்னே நின்றால், தொடக்க விருப்பத்தைக் கழித்த பிறகும் முன்னே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு என் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வேன்.